டர்பனில் ஒரு வரவேற்பாளர்: சம்பளம் ஒன்று, செலவு வேறு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், ஒற்றை மருத்துவர் நடத்தும் சர்ஜரி எனப்படும் சிறு மருத்துவகத்திலோ, இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் வழக்கறிஞர் அலுவலகத்திலோ முதன்முதலில் வேலைக்கு எடுக்கப்படுபவர் பெரும்பாலும் வரவேற்பாளராகவே இருக்கிறார். அவருக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி வரும்போது, பக்கத்து சர்ஜரியில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அந்தத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டுச் செலவில் ஒரே வரியாக எழுதிவிடுவது நம்மவர்களிடம் உள்ள வழக்கம். சிறு நிறுவனங்களின் சம்பளக் கணக்கைப் பார்க்கும் தொழிலில் இருப்பதால், அந்த ஒரு வரி ஆண்டு முடிவில் எப்படி வீங்குகிறது என்பதைப் பார்த்து வருகிறேன். முழுநேர ஆள், அரைநாள் ஆட்கள் இருவர், வரிச்சலுகை கிடைக்கும் இளைஞர், ஏஜென்சி ஆள், தொலைபேசிச் சேவை, வீட்டுப் பிள்ளை என்று வழிகள் பல உண்டு. அவற்றை ஒப்பிடுவதற்கு, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 5 வரையும், சனிக்கிழமை 8 முதல் 1 வரையும் திறந்திருக்கும் ஒரு சர்ஜரியை எடுத்துக்கொள்வோம். மதிய இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் வாரத்துக்கு 45 மணி நேரம் வருகிறது. சட்டம் அனுமதிக்கும் சாதாரண வேலை நேரத்தின் உச்சவரம்பும் சரியாக அதுவே.

முதலில் தரைமட்டத்தைப் பார்க்கலாம். தேசியக் குறைந்தபட்ச ஊதியம் 2019 இல் மணிக்கு 20 ராண்டாகத் தொடங்கியது. 2025 மார்ச் 1 இல் அது 28.79 ராண்டானது; இங்குள்ள கணக்குகள் அந்த விகிதத்தை வைத்தே போடப்பட்டவை. வாரம் 45 மணி நேரம் என்றால் மாதத்துக்குச் சராசரி 195 மணி நேரம். ஆக அந்த விகிதப்படி முழுநேர வரவேற்பாளருக்கு 5,614 ராண்டுக்குக் குறைவாகக் கொடுப்பது சட்டவிரோதம். கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் தனித்தனித் துறை ஊதிய விதிகள் இருப்பதால், அந்தத் தொழில்களில் இருப்பவர்கள் தங்கள் விதியை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கைக்கு வரும் சம்பளப் பட்டியல்களில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிச் சிறு சர்ஜரிகளின் வரவேற்பாளர்கள் பெரும்பாலும் 6,000 முதல் 10,000 ராண்டுக்குள் இருக்கிறார்கள். உம்ஷ்லாங்காவின் பெரிய அலுவலகங்களுக்குப் போனால் அந்தத் தொகை 12,000 ராண்டைத் தாண்டுகிறது. இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிக்குத்தான் திறமை காரணம். பெரிய நிறுவனங்கள் ஓய்வூதிய நிதியும், மெடிக்கல் எய்ட் எனப்படும் தனியார் மருத்துவக் காப்புத் திட்டத்துக்கான பங்கும் சேர்த்துக் கொடுக்கின்றன. சிறு சர்ஜரியில் அவை இரண்டும் கட்டாயமில்லை என்பதால் அநேகமாக இருப்பதுமில்லை. நன்றாகப் பழகிய ஆள் இரண்டு வருடத்தில் ஏன் கிளம்பிவிடுகிறார் என்று வியப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

கணக்கின் வசதிக்காக 9,000 ராண்ட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வேலை செய்பவர் கைக்கு அதில் எவ்வளவு போகிறது? வேலையின்மைக் காப்பீட்டு நிதியான யூஐஎஃப்-க்கு ஒரு சதவீதமாக 90 ராண்ட் போகிறது. ஆண்டு வருமானம் வரி தொடங்கும் 95,750 ராண்டைத் தாண்டுவதால், 2026 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டின் விகிதப்படி மாதம் சுமார் 184 ராண்ட் வருமான வரியாகப் பிடிக்கப்படும். மிச்சம் 8,726. வேலைக்கு வந்துபோகும் டாக்ஸிக் கட்டணம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

முதலாளியின் பக்கம் அதே 9,000 வேறு முகம் காட்டுகிறது. பன்னிரண்டு மாதச் சம்பளம் 1,08,000. முதலாளியின் யூஐஎஃப் பங்கு இன்னொரு ஒரு சதவீதம், 1,080. டிசம்பரில் பதின்மூன்றாவது மாதச் சம்பளம் சட்டத்தில் இல்லை, ஆனால் வழக்கத்தில் உண்டு. கொடுப்பதாக இருந்தால் 9,000. சட்டப்படியான வருடாந்திர விடுப்பு தொடர்ச்சியாக 21 நாட்கள், அதாவது மூன்று வாரம். அந்த 135 மணி நேரத்துக்கு மணிக்கு 40 ராண்டில் மாற்று ஆள் வைத்தால் 5,400. மொத்தம் 1,23,480. மாதத்துக்கு வகுத்தால் 10,290. வேலைவிபத்து இழப்பீட்டு நிதிக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகை அலுவலக வேலைக்குச் சிறியதுதான், ஆனாலும் அதைச் சேர்க்க வேண்டும். ஆண்டு மொத்தச் சம்பளப் பட்டியல் 5,00,000 ராண்டைத் தாண்டும் நிறுவனமாக இருந்தால் திறன் மேம்பாட்டு வரி என்று மேலும் ஒரு சதவீதம் உண்டு. எங்கள் சர்ஜரிக்கு அது பொருந்தாது. மூன்று ஆண்டுச் சுழற்சியில் ஆறு வாரம் வரை சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு எடுக்க உரிமை இருப்பதையும் மறக்கக் கூடாது. அதை யாரும் முன்கூட்டியே கணக்கில் எழுதுவதில்லை. ஜூலைக் காய்ச்சல் வந்தபிறகுதான் எழுதுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கவனமான முதலாளி எப்படியும் கண்டுபிடித்துவிடும் செலவு. கண்ணில் படாமல் போவது மதிய இடைவேளை. பெரும்பாலான சர்ஜரிகளில் வரவேற்பாளர் ஒரு மணிக்குத் தன் டப்பாவை மேசையிலேயே திறந்துவைத்துச் சாப்பிடுகிறார். நடுவில் தொலைபேசி ஒலித்தால் எடுக்கிறார். கதவைத் தட்டும் நோயாளியை உள்ளே உட்கார வைக்கிறார். அவர் வெளியே போகாததால் அதை இடைவேளை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வேலைக்குத் தயாராக இருக்கும்படி எதிர்பார்க்கப்படும் இடைவேளைக்கு ஊதியம் கொடுத்தாக வேண்டும் என்பது அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் விதி. எங்கள் சர்ஜரியில் 45 மணி நேரம் ஏற்கனவே நிரம்பிவிட்டதால், அந்த ஐந்து மணி நேரமும் ஒன்றரை மடங்கு ஊதியம் பெறும் கூடுதல் நேரமாகிறது. 9,000 ராண்ட் சம்பளத்துக்கு மணிக்கூலி 46.15, ஒன்றரை மடங்கு 69.23, மாதத்துக்கு 21.67 மணி நேரம் என்றால் 1,500 ராண்ட். வேலை சுமுகமாக நடக்கும்வரை இதை யாரும் கேட்பதில்லை. வேலை முறிந்து சிசிஎம்ஏ எனப்படும் சமரச ஆணையத்துக்குப் போகும் நாளில் முதலில் எழும் பேச்சு இதுவாகத்தான் இருக்கும். ஒன்று, அந்த ஒரு மணி நேரம் கதவைப் பூட்டித் தொலைபேசியைப் பதிவு இயந்திரத்துக்கு விட வேண்டும். அல்லது 1,500 ராண்டை வரவு செலவில் எழுத வேண்டும். எழுதினால் முழுநேர ஆளின் மாதச் செலவு 10,290 லிருந்து ஏறத்தாழ 11,800 ஆகிறது.

இங்கேதான் அரைநாள் ஏற்பாடு கவனத்துக்கு வருகிறது. ஒருவர் காலை 8 முதல் 12.30 வரை, மற்றவர் 12.30 முதல் 5 வரை, சனிக்கிழமை மாறி மாறி என்று பிரித்தால், ஆளுக்கு வாரம் சராசரி 25 மணி நேரம். இருவருக்கும் சேர்த்து 50 மணி நேரம். இதில் மதிய நேரமும் சாதாரண ஊதியத்திலேயே அடங்கிவிடுகிறது. யாரும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யாததால் உணவு இடைவேளை விதியே எழுவதில்லை. ஒரு நாளுக்குக் குறைந்தது நான்கு மணி நேர ஊதியம் என்ற விதியும் நிறைவேறுகிறது. அதே 46.15 மணிக்கூலியில் மாதம் 10,000 ராண்ட் ஆகும். யூஐஎஃப், போனஸ், விடுப்புக்கால மாற்று எல்லாம் சேர்த்தால் சுமார் 11,500. ஆக, முழுநேர ஆளைவிட மாதம் 300 ராண்ட் குறைவு. பெரிய மிச்சமில்லை என்பது உண்மை. ஆனால் விடுப்புக்கு மாற்று ஆளாக வெளியாள் வர வேண்டியதில்லை, மற்றவர் அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பணம் மிச்சமாகாவிட்டாலும், நோயாளியின் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாத புதியவர் மூன்று வாரம் மேசையில் உட்காருவது தவிர்க்கப்படுகிறது. இருவருக்கும் மாதம் 5,000 ராண்ட் மட்டுமே வருவதால் வருமான வரி பிடித்தம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ள தாய்மார்களுக்குக் காலை நேரம் ஏற்றதாக இருக்கும். பிற்பகலுக்கு நிலைத்து நிற்கும் ஆளைப் பிடிப்பதுதான் கடினம். காலையில் வந்த அழைப்பு மாலை ஆளுக்குத் தெரியாமல் போவதும் நடக்கும். அதற்காக மாற்றும் நேரத்தில் கால் மணி நேரம் இருவரும் சேர்ந்திருக்கும்படி வைத்து, அந்தக் கால் மணிக்கும் சம்பளம் கொடுத்துவிடுவது நல்லது.

சலுகைக்கு ஆசைப்படுபவர்கள் முதலில் பார்ப்பது வேலைவாய்ப்பு வரி ஊக்கத்தொகை. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தில், 18 முதல் 29 வயதுக்குட்பட்ட ஒருவரை வேலைக்கு எடுத்தால், ஊழியர் சம்பளத்தில் பிடித்து முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய ஊழியர் வரியிலிருந்து ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, மாதச் சம்பளம் 2,500 முதல் 5,499 ராண்ட் வரை என்றால் முதல் பன்னிரண்டு மாதத்துக்கு மாதம் 1,500. அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு அதில் பாதி. 5,500 ராண்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு ராண்டுக்கும் 75 சென்ட் குறைந்து, 7,500 ராண்டில் சலுகை தீர்ந்துவிடும். 2025 மார்ச் விகிதக் குறைந்தபட்ச ஊதியமான 5,614 ராண்டில் ஒருவரை எடுத்தால் 1,414 ராண்ட் கிடைக்கும். அவருக்கு முதலாளியின் நிகரச் செலவு மாதம் 4,200. காகிதத்தில் இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் அந்தச் சரிவின் விளைவைப் பார்க்க வேண்டும். அந்த இளைஞருக்கு முதல் ஆண்டில் 1,000 ராண்ட் உயர்த்திக் கொடுத்தால், முதலாளிக்கு 1,750 ராண்ட் செலவாகும். 750 ராண்ட் சலுகையிலிருந்து போய்விடும். நல்ல வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் உயர்த்துவதையே விலையுயர்ந்ததாக ஆக்கும் ஏற்பாடு இது என்பது என் எண்ணம். தவிர, ஒரே ஒரு ஊழியர் உள்ள சர்ஜரியில் கழித்துக்கொள்ளும் அளவுக்கு ஊழியர் வரியே இருக்காது. கழிக்க முடியாத தொகை அடுத்த மாதத்துக்குப் போய், ஆகஸ்ட், பிப்ரவரி கணக்குச் சரிபார்ப்புகளுக்குப் பிறகுதான் பணமாகத் திரும்பும். வரிக் கணக்கில் நிலுவை இருந்தால் அதுவும் நிற்கும். பழைய ஆளை அனுப்பிவிட்டு இளைஞரை வைத்தால் 30,000 ராண்ட் அபராதம் உண்டு. சொந்த மகளையோ மருமகனையோ மேசையில் உட்கார வைத்து இந்தச் சலுகையைக் கேட்கவும் முடியாது; முதலாளியின் உறவினர்களைச் சட்டம் விலக்கியிருக்கிறது.

மலிவு எங்கே முடிகிறது என்பதைக் காட்ட, மெடிக்கல் எய்ட் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு தாய் தன் இரண்டாவது குழந்தையை அழைத்துக்கொண்டு வருகிறார். அட்டையில் முதன்மை உறுப்பினர் கணவர். அவருக்கு ஒரு எண், மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்குத் தனித்தனி எண். அவசரத்தில் வரவேற்பாளர் கணவரின் எண்ணை அடித்துவிட்டால், குழந்தையின் பிறந்த தேதியோடு அது பொருந்தாமல், மெடிக்கல் எய்டிடம் பணம் கேட்டு அனுப்பும் உரிமைக்கோரல் திரும்பி வருகிறது. நோய்க்கான ஐசிடி-10 குறியீடு விடுபட்டாலும் அப்படியே. திரும்பி வந்ததைத் திருத்தி அனுப்பலாம்தான். ஆனால் திருத்துவதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். திரும்பி வந்த பட்டியலை வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் இல்லாத ஆளிடம் இந்தக் கெடு சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ஒரு பரிசோதனைக் கட்டணம் 450 ராண்ட் என்று வைத்துக்கொண்டால், வாரம் மூன்று உரிமைக்கோரல்கள் இப்படிப் போனால் மாதம் 5,850 ராண்ட் நஷ்டம். 9,000 ராண்ட் கேட்கும் பழகிய ஆளுக்கும் 5,614 ராண்ட் வாங்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் 3,386 ராண்ட் மட்டுமே. பணம் இந்த மேசை வழியாகத்தான் உள்ளே வருகிறது என்றால், மேசையின் சம்பளத்தைத் தனியே எடுத்து மலிவு பார்ப்பதில் அர்த்தமில்லை. இளைஞரை எடுப்பது தவறென்று சொல்லவில்லை. உரிமைக்கோரல் வேலையை முதல் ஆறு மாதம் மருத்துவரோ வேறு அனுபவசாலியோ கூடவிருந்து பார்ப்பதற்கு நேரம் ஒதுக்க முடிந்தால் எடுக்கலாம்; முடியாதென்றால் வேண்டாம்.

ஏஜென்சி வழியாக ஆள் எடுப்பவர்கள் கொடுக்கும் மணிக்கட்டணத்தில் ஊழியரின் கூலி, அவர் விடுப்புக்கான ஒதுக்கீடு, யூஐஎஃப், ஏஜென்சியின் லாபம் எல்லாம் அடங்கும். அதன் மேல் வாட் எனப்படும் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. வாட்டுக்குப் பதிவு செய்த தொழிலென்றால் அதைத் திரும்பக் கேட்கலாம். பதிவு செய்யாதவருக்கு அது முழுச் செலவு. பொறுப்பைத் தள்ளிவிடலாம் என்ற எண்ணமும் நிற்காது. 2015 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் திருத்தத்தின்படி, வருமான வரம்புக்குக் கீழே உள்ள ஏஜென்சி ஊழியர் மூன்று மாதத்தைத் தாண்டினால், அந்தச் சட்டத்தின் நோக்கில் அவர் உங்கள் ஊழியராகவே கருதப்படுவார். அந்நிலையில் முதலாளி நீங்கள் ஒருவரே என்று 2018 இல் அரசியல் சாசன நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்த வழி உண்மையிலேயே பொருந்துவது ஒரே ஒரு சூழ்நிலைக்கு: உங்கள் வரவேற்பாளர் பிரசவ விடுப்பில் போகும் நான்கு மாதம். விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வருபவருக்கு மூன்று மாத விதி பொருந்தாது. விடுப்பில் இருப்பவருக்கு யூஐஎஃப் பணம் தருவதால், ஒப்பந்தத்தில் வேறு வாக்குறுதி கொடுக்காதவரை, அவர் சம்பளத் தொகையே மாற்று ஆளின் செலவில் பெரும்பகுதியைத் தாங்கிவிடும்.

அழைப்புகளை மட்டும் எடுத்துச் செய்தி அனுப்பும் தொலைபேசிச் சேவை, முன்பதிவு செய்தவர்களை மட்டும் பார்க்கும் கணக்காளருக்கோ வழக்கறிஞருக்கோ நன்றாகவே பொருந்தும். அவர்கள் அலுவலகத்தில் நாள் முழுக்க உள்ளே வருபவர்கள் நான்கைந்து பேர்தான்; அதற்காக மாதம் பத்தாயிரத்துக்கு மேல் செலவிடுவதைவிட, சேவைக் கட்டணத்தோடு வாரம் மூன்று அரைநாள் ஒருவரை வைத்துக்கொள்வது மேல். சாட்ஸ்வர்த் சர்ஜரிக்கு இது உதவாது. இங்கே பாதிப்பேர் முன்பதிவே செய்யாமல் நேராக வந்து நிற்பார்கள்; சிலர் ரொக்கமாகக் கொடுப்பார்கள்; மருத்துவரின் அறைக்குள் யாரை முதலில் அனுப்புவது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதோடு, வருபவர்களில் பலர் ஜூலு மொழி பேசுபவர்கள். ஜூலு தெரிந்த வரவேற்பாளருக்கு 500 ராண்ட் அதிகம் கொடுப்பது, நம் ஆள் என்பதற்காகக் கொடுப்பதைவிட எத்தனையோ மடங்கு பயனுள்ளது.

வீட்டு ஆளை உட்கார வைப்பது நம் சமூகத்தில் பழைய வழக்கம், பல சர்ஜரிகள் அப்படித்தான் தொடங்கின. மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால், செய்த வேலைக்குத் தகுந்த தொகையாக அது இருக்க வேண்டும். மிகையாக இருந்தால் வருமான வரித் துறை அதை ஏற்காது. சம்பளமே கொடுக்காமல் வைத்திருந்தால் வேறொரு சிக்கல்: அந்த மேசையின் உண்மையான செலவு கணக்கில் வருவதே இல்லை, ஒருநாள் அவர் நிறுத்திக்கொள்ளும்போது சர்ஜரியின் லாபம் ஒரேயடியாகச் சரிந்ததுபோலத் தெரியும்.

ஆகவே எங்கள் மாதிரிச் சர்ஜரிக்கு நான் எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு, அரைநாள் ஆட்கள் இருவர். அவர்களில் ஒருவராவது உரிமைக்கோரல் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும், அவருக்கு மணிக்கு 50 ராண்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். தகுந்த இருவர் கிடைக்காவிட்டால், முழுநேரத்துக்குப் பழகிய ஒருவரை எடுத்து, மதியம் கதவைப் பூட்ட வேண்டும். இரண்டு ஏற்பாட்டிலும் மாதம் 12,000 ராண்ட் ஒதுக்கினால் நெருக்கடி வராது. குறைந்தபட்ச ஊதியத்தில் ஆள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் உயர்வுக்கு இடம்விட வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் சனிக்கிழமை நேரத்தையும், மதிய இடைவேளை எப்படி என்பதையும், போனஸ் கட்டாயமா முதலாளியின் விருப்பமா என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். தீபாவளியையும் எழுத வேண்டும்: நாட்டின் 12 பொது விடுமுறைகளில் அது இல்லை. மருத்துவர் அன்று சர்ஜரியை மூடுவதென்றால், அந்த நாள் சம்பளத்தோடு கூடிய கூடுதல் விடுமுறையா, வருடாந்திர விடுப்பில் கழியுமா என்பதை வேலைக்கு எடுக்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். ஜூலு ஊழியராக இருந்தாலும் தமிழ் ஊழியராக இருந்தாலும் விதி ஒன்றாகவே இருக்க வேண்டும்.